மொழிமுதல்

அப்பா இறந்து நாற்பத்தொன்பதாம் நாள்
கல்தச்சர் கேட்டார்:
"ரியூவா, யூவா?"

வோன்ஜு நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம்,
பெயரில்லாக் கற்கள் வரிசையாய் நிற்கும் முற்றம்.
அவர் கையில் ஒரு பென்சில், காதில் இன்னொன்று.
ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் மூவரும்
வாய் திறக்கவில்லை.

தெற்கின் இலக்கணம் கறாரானது.
சொல்லின் தலையில் இந்த ரகரம் நிற்கக் கூடாது.
நடுவில் ஓடலாம், கடைசியில் உருளலாம்,
வாசலில் மட்டும்
செருப்போடு அதையும் கழற்றிவிட்டு வர வேண்டும்.
ரியூ யூ ஆனது அப்படித்தான்.
வடக்கே இன்றும் ரியூ என்றே சொல்கிறார்களாம்.
எங்கள் குலத்தின் ஊர் முன்ஹ்வா அங்கேதான்,
முள்வேலிக்கு அப்பால்.
படிவத்தில் எழுதலாம்,
பஸ் கிடையாது.

பள்ளியில் என் வகுப்பில் மூன்று யூ.
"எந்த யூ?" என்பார் ஆசிரியை.
"வில்லோ மரத்து யூ" என்பேன்.
சீன எழுத்தில் நாங்கள் ஒரு மரம்;
மற்ற இருவர் வேறு ஏதோ.
கொரிய எழுத்தில் மூவரும் ஒரே குச்சி.

பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது
அண்ணன் இன்சோப்புக்கு ஆர், ஒய், யூ
என்று தட்டினாள் ஏஜென்சிப் பெண்.
எனக்கு ஒய், இரண்டு ஓ.
தம்பி ப்யோங்தேவுக்கு ஒய், ஓ, யூ.
வான்கூவர் விமான நிலையத்தில் அதிகாரி அதைப் படித்துவிட்டு
"யூ?" என்றாராம்.
"யெஸ், யூ."
"மீ?"
"நோ, மீ."
பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது.
ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நிரூபிக்க
எங்களுக்கு எப்போதும் நான்காவது காகிதம் ஒன்று தேவைப்படும்.

அறுபத்தொன்பதாம் வயதில் அப்பா வழக்குப் போட்டார்.
நிலத்துக்கு அல்ல, ரகரத்துக்கு.
குடித்தால் மட்டும் அவர் நாக்கில் வரும் எழுத்து அது.
பள்ளிச் சான்றிதழ், பழைய ரயில்வே அடையாள அட்டை,
துணியில் சுற்றிய வம்சாவளிப் புத்தகம் எல்லாம்
நீதிமன்ற மேசையில் ஏறின.
அந்தப் புத்தகத்தை
அப்பாவின் கொள்ளுத்தாத்தா இரண்டு எருதுகள் கொடுத்து வாங்கினார் என்பதை
அம்மா கோபத்தில் மட்டும் சொல்வாள்.
முப்பத்திரண்டு தலைமுறை,
இரண்டு எருதுகள்.
எனக்கு அந்த எருதுகள் மீதுதான் இரக்கம்.

வழக்கில் அப்பா வென்றார்.
இரண்டு மாதம் ஓய்வூதியம் நின்றது.
"யூ ஹாக்சு எங்கே?" என்று தொலைபேசியில் கேட்டார்கள்.
"செத்துவிட்டார்" என்றார் அப்பா,
அவ்வளவு சந்தோஷமாக.
நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் எங்களிடம்.
வங்கி, காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி;
யாருக்கு நேரம்?

அம்மாவின் பெயர் ப்யோ சுன்னம்.
ஐம்பத்தோரு வருடம் இந்த வீட்டில்
அவள் பெயரில் ஓர் எழுத்தும் நகரவில்லை.
இங்கே பெண்கள் கணவன் குலப்பெயரைச் சூடுவதில்லை.
அதை மரியாதை என்பார்கள்.
அந்த முப்பத்திரண்டு தலைமுறையிலும்
மருமகள்களுக்குக் குலப்பெயர் மட்டும்தான் பதிவு,
சொந்தப் பெயர் இல்லை.
அவளும் அவரை ரியூ என்றதில்லை, யூ என்றதில்லை.
"இன்சோப் அப்பா" என்றுதான் கூப்பிடுவாள்,
குளியலறைக் கதவைத் தட்டும்போதும்,
ஐ.சி.யு.வில் கடைசியாகவும்.

தச்சர் பென்சிலை மாற்றிக்கொண்டார்.
"ரகரம் நான்கு முறை திரும்பும் எழுத்து.
யூ என்றால் அரைமணி வேலை மிச்சம்."

அண்ணன் என்னைப் பார்த்தான்.
நான் தம்பியைப் பார்த்தேன்.
வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தான் தம்பி;
நாக்கு வழுக்கி யூவில் விழுந்தது.

"ரியூ" என்றாள் அம்மா.
"வக்கீலுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது."

கல்லின் பின்புறத்தில் எங்கள் பெயர்கள்,
குலப்பெயர் இல்லாமல்.
அதுதான் வழக்கம் என்றார் தச்சர்.
இன்சோப், ஒக்ரான், ப்யோங்தே:
மூன்று பேரும் முதன்முறையாக
ஒரே மாதிரி எழுதப்பட்டோம்.

முன்புறம் அப்பாவுக்குப் பக்கத்தில்
இடம் விடச் சொன்னாள் அம்மா.
எவ்வளவு என்று கேட்டார்.
விரல்களை விரித்துக் கல்லில் வைத்து அளந்தாள்.
"ப்யோ அகலமான எழுத்து" என்றாள்.